முதல் வரியில் புகையிலை

அன்புள்ள வாசகர்களுக்கு,



நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் காலேஜ் பாயின்ட் என்றோர் இடம் இருக்கிறது. அங்கே வசித்த டாம் டன் என்பவர் 1964-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். ‘தி பைப் ஸ்மோக்கர்ஸ் எஃபெமெரிஸ்’ என்று அதற்குப் பெயர். பைப் என்கிற சுங்கான் பிடிப்பவர்களுக்காக, சுங்கான் பிடிக்கிற ஒருவர் வீட்டிலிருந்தபடியே நடத்திய இதழ். கட்டாயச் சந்தா கிடையாது. கேட்டு எழுதியவர்களுக்கு அனுப்பிவைப்பார். மனமிருப்பவர்கள் நன்கொடை கொடுக்கலாம். பேருக்குக் காலாண்டிதழ். ஆனால் ஒழுங்கில்லாத காலாண்டிதழ் என்று அவரே அறிவித்துக்கொண்டார். மாதம் பிறந்தால் அச்சகத்தை நினைத்து வயிற்றைக் கலக்கும் எங்களுக்கு, அட்டையில் அந்த ஒரு சொல்லைப் போட்டுக்கொள்ளும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அவர் அதை நடத்தினார். பொடி எழுத்தில், இடம் விடாமல் அடைத்த பக்கங்கள். சுங்கான் பற்றிய பழைய புத்தகங்கள், ஷெர்லக் ஹோம்ஸ் பற்றிய துணுக்குகள், கடை விவரங்கள் எல்லாம் உண்டு. இருந்தாலும் அந்த இதழின் உயிர் வாசகர் கடிதங்களில்தான் இருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து சுங்கான்காரர்கள் எழுதினார்கள். இப்போது என்ன புகையிலை பிடிக்கிறேன், எந்தச் சுங்கானில் பிடிக்கிறேன், அது எங்கே வாங்கியது என்று கடிதம் தொடங்கும். அதற்கு மேல் எதுவும் வரலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றது, ஊர் மாறியது, பனி கொட்டுவது, மனைவியின் உடல்நிலை. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்க்காதவர்கள். ஆனாலும் ஒருவர் வீட்டு நாயின் பெயர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும் வகையான உறவு அது.

பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் என்னை இழுத்தது இந்த இடம்தான். சொந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு ஆண்பிள்ளையிடம், அதுவும் ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவரிடம், நேராகக் கேட்டால் பதில் வராது. ‘இருக்கேன், ஓடுது’ என்பதோடு முடிந்துவிடும். அவர் கையில் உள்ள பொருளைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார். பேச்சுவாக்கில் வாழ்க்கையும் வெளியே வந்துவிடும். டாம் டன் புகையிலை என்ற கதவைத் திறந்து வைத்தார். ஆட்கள் தங்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு அதன் வழியே வந்துவிட்டார்கள்.

நான் புகைப்பதில்லை, இனித் தொடங்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் அவர்கள் பேச்சில் வரும் பெயர்களைக் கேட்டால் நாவில் நீர் ஊறத்தான் செய்கிறது. வர்ஜீனியா, பர்லி என்ற இலை வகைகள் அடித்தளம். வர்ஜீனியாவில் இயற்கையான இனிப்பு இருக்கும். பர்லி கொஞ்சம் கொட்டை வாசனையோடு, சேர்க்கிற மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இவற்றோடு சேர்கிற சரக்குகளில்தான் கதை இருக்கிறது. லட்டாக்கியா என்பது சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயரைத் தாங்கிய புகையிலை. கட்டையும் மூலிகைச் சுள்ளியும் எரித்து அந்தப் புகையிலேயே இலையைத் தொங்கவிட்டுக் கறுக்கவைப்பார்கள். இன்று அது பெரும்பாலும் சைப்ரஸிலிருந்து வருகிறது. புகையூட்டிப் பதப்படுத்துவது நமக்கும் புதிதல்ல. அக்காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலைக்கும் அந்த வழக்கம் உண்டு. லட்டாக்கியாவைப் பிடிக்கிறவருக்கு அது தேவலோகம். அடுத்த அறையில் இருப்பவருக்குப் பக்கத்து வீட்டில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்ற சந்தேகம். கொட்டகையில், வண்டிக்குள், மாடிப்படியில் என்று இந்தப் புகையிலைக்காரர்கள் வீட்டுக்கு வெளியே ஒதுங்கிய இடங்களைத் தொகுத்தாலே ஒரு புத்தகம் தேறும்.

பெரீக் அதைவிட விசேஷம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், செயின்ட் ஜேம்ஸ் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் பாரம்பரியமாகச் செய்கிறார்கள். இலையை விஸ்கிப் பீப்பாய்க்குள் திணித்து, மேலே திருகு ஜாக்கி வைத்து இறுக்கி அழுத்தம் கொடுப்பார்கள். தன் சாற்றிலேயே அது புளித்து ஊறும். இடையிடையே பீப்பாயைத் திறந்து, இலையைக் காற்றாடவிட்டு, மறுபடியும் அடைத்து நெருக்குவார்கள். ஏறக்குறைய ஓராண்டு இந்த வேலை. கடைசியில் மிளகின் காரமும் பழம் அழுகிய புளிப்பும் சேர்ந்த கறுப்புச் சரக்கு கிடைக்கும். தனியாகப் பிடித்தால் தலை சுற்றும். வர்ஜீனியாவில் ஒரு சிட்டிகை சேர்ப்பதோடு சரி. ஒரு காலகட்டத்தில் விரல்விட்டு எண்ணும் குடும்பங்களே இதைச் செய்துகொண்டிருந்தன. நம் ஊர் ஊறுகாய்க்காரப் பாட்டிகளிடம் இந்தப் பீப்பாயைக் கொடுத்திருந்தால் ஜாக்கி வைத்த விதத்தில் நாலு குறை சொல்லியிருப்பார்கள்.

எல்லோரும் இப்படி உயர்ந்த சரக்குக்கு அலைந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். தினமும் பிடிப்பதற்கென்று மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கிற டப்பாக்கள் தனி. அமெரிக்காவில் 1907 முதல் விற்கும் பிரின்ஸ் ஆல்பர்ட் அப்படி ஒன்று. பிற்பாடு ஏழாம் எட்வர்டு மன்னரானவர் இளவரசராக இருந்த காலத்துப் பெயரையும் படத்தையும் தாங்கிய டப்பா. அதை வைத்து அந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒரு குறும்பு செய்தார்கள். கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘உங்களிடம் டப்பாவில் பிரின்ஸ் ஆல்பர்ட் இருக்கிறாரா?’ என்பார்கள். கடைக்காரர் இருக்கிறது என்றதும், ‘பாவம், மூச்சு முட்டும், வெளியே விடுங்கள்!’ என்று சொல்லி வைத்துவிடுவார்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் ஆக்டன் கம்பெனியின் செயின்ட் புரூனோ என்ற டப்பாவுக்கு இதே இடம். தாத்தாவின் கோட்டு வாசனை என்று அந்நாட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இம்மாதிரிச் சரக்கின் மணத்தைத்தான்.

புகையிலையை அடைப்பதற்கு ஐரோப்பாவில் ஒரு வாய்மொழிப் பாடம் உண்டு. கிண்ணத்தில் முதல் பங்கைக் குழந்தையின் கையால் போடு, இரண்டாவதைப் பெண்ணின் கையால், மூன்றாவதை ஆணின் கையால் என்பார்கள். அடியில் தளர்வாகவும் மேலே போகப்போக இறுக்கமாகவும் இருக்க வேண்டும் என்பது பொருள். முதல் தீக்குச்சி வெறும் ஒத்திகை. மேற்பரப்பு கருகி உப்பும். அதை மெதுவாக அழுத்திச் சமப்படுத்திவிட்டு இரண்டாவது குச்சியில்தான் உண்மையான பற்றவைப்பு. அவசரமாக இழுத்தால் நாக்கு வெந்துவிடும். மெதுவாக இழுத்தால் அணைந்துவிடும். அணைந்தால் மறுபடியும் பற்றவைப்பதில் வெட்கமில்லை. முடிந்ததும் சாம்பலைத் தட்டி, தண்டுக்குள் பஞ்சு சுற்றிய கம்பியை விட்டுத் துடைத்து, ஈரம் காய ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரே சுங்கானைத் தினமும் பிடித்தால் கசந்துபோகும். இதற்காகவே ஏழு சுங்கான்களை ஒரே பெட்டியில் வைத்து, கிழமைக்கு ஒன்றாக விற்ற காலம் உண்டு. ஞாயிறு எழுதியதைச் செவ்வாய்க்கிழமை எடுக்கிற ஆள் எப்படிப்பட்டவர் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இத்தனை சடங்கு இருப்பதால் இரண்டு கைக்கும் வேலை, வாய்க்கு இடையிடையே ஓய்வு. சிகரெட்டை ஐந்து நிமிடத்தில் நசுக்கிவிட்டு எழுந்து போய்விடலாம். சுங்கானைப் பற்றவைத்தவர் முக்கால் மணி நேரமாவது உட்கார்ந்தாக வேண்டும். நம் திண்ணைகளில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவியபடியே ஊர்க்கதை பேசினார்களே, அந்த வேகம்தான் இதற்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், கையைப் பார்த்துக்கொண்டே பேசிவிடலாம்.

பீட்டர் பேனைப் படைத்த ஜே. எம். பேரி, அதற்கு முன்பே 1890-இல் ‘மை லேடி நிகோடின்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கல்யாணத்துக்காகப் புகையைக் கைவிட்ட ஒருவர் தன் பிரம்மச்சாரி நாட்களையும் நண்பர்களையும் நினைத்துப் பார்க்கும் கதை. அந்த நண்பர்களை ஒன்றாகக் கட்டிவைத்தது ‘ஆர்கேடியா’ என்ற ஒரே ஒரு புகையிலைக் கலவை. அதை வெளியாட்களுக்குச் சுலபத்தில் தரமாட்டார்கள், தகுதி பார்ப்பார்கள். புத்தகத்தைப் படித்தவர்களுக்கு ஒரே துடிப்பு, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று. லண்டன் வார்டூர் தெருவில் கரேராஸ் கடை விற்ற ‘கிரேவன் மிக்ஸர்’தான் அது என்று பேரி பிறகு ஒப்புக்கொண்டார். கரேராஸ் அதை விளம்பரமாக்கிக் காசு பார்த்தது. கதைக்குள் காசு கொடுத்துத் தம் பொருளை நுழைக்க இன்று கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. பேரியிடம் யாரும் போய்க் கேட்கவே இல்லை, தானாக நடந்தது.

புத்தகம் கொஞ்சம் அலட்டல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதில் ஒன்று உண்மை. அந்த நண்பர்கள் மிகப் பெரிய விஷயம் எதையும் பேசுவதில்லை. ஒருவனுக்கு ஒரு சுங்கான்மேல் பைத்தியம், இன்னொருவன் எடுத்த சாமானைத் திருப்பி வைக்கமாட்டான், மூன்றாமவன் காதலில் குழம்பிக் கிடக்கிறான். ஒரே டப்பாவில் கைவிட்டு எடுக்கிறவர்கள் என்பதால் அதெல்லாம் சொல்லிக்கொள்ளத் தக்க சங்கதியாகிவிடுகிறது.

வார்டூர் தெருவிலிருந்து வெகுதூரமில்லை, டியூக் தெரு. அங்கே ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-இல் புகையிலைக் கடை வைத்தார். வாடிக்கையாளர் தன் ருசியைச் சொன்னால் அதற்கேற்பக் கலந்து கொடுத்து, அந்தச் சேர்மானத்தை ஒரு பேரேட்டில் எண் போட்டு எழுதிவைப்பார்கள். அடுத்த முறை எண்ணைச் சொன்னால் போதும், எந்த ஊரிலிருந்து எழுதிக் கேட்டாலும் அதே கலவை தபாலில் வரும். 965 என்று எண்ணிட்ட ஒருவருடைய கலவை பலருக்கும் பிடித்துப்போய்ப் பிறகு டப்பாவில் அடைத்து விற்பனைக்கு வந்தது. வேறொரு கம்பெனிப் பெயரில் இன்றும் கிடைக்கிறது. முதலில் அதைக் கேட்டு வாங்கிய மனிதர் யார் என்பதைவிட அவருக்கு என்ன ருசி என்பது உலகத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1941-இல் அந்தக் கடை குண்டு விழுந்து இடிந்தது. இடிபாட்டின் நடுவே மேசையைப் போட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். ஊரே எரியும்போது புகையிலையா என்று கேட்கலாம். ஊர் எரிந்த மறுநாள் நம் ஆட்கள் முதலில் தேடுவது டீக்கடையைத்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

கூடிப் புகைத்தால் எல்லாம் இனிமையாகிவிடும் என்று எழுதினால் அது பொய். பிரஷ்யாவின் மன்னர் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம், மகா ஃபிரெடெரிக்கின் தந்தை, ‘புகையிலைக் கல்லூரி’ என்று ஒரு சபை வைத்திருந்தார். பெர்லினிலும் பாட்ஸ்டாமிலும் கோனிக்ஸ் வுஸ்டர்ஹவுசன் மாளிகையிலும் மாலைதோறும் தளபதிகளும் நண்பர்களும் கூடுவார்கள். நீண்ட மேசை, மர நாற்காலிகள், நீளத் தண்டுள்ள களிமண் சுங்கான்கள், பீர், ரொட்டி. அரசர் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்கக் கூடாது என்பது விதி. மனத்தில் பட்டதைப் பேசலாம். புகைக்கும் பழக்கமில்லாத அன்ஹால்ட்–டெஸ்ஸாவ் இளவரசர் லியோபோல்ட், தாமும் புகைப்பவராகக் காட்டிக்கொள்ள வெறும் சுங்கானைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு காட்சிக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். நமக்கு உடன்பாடில்லாத எத்தனை கூட்டங்களில் நாம் இப்படி உட்கார்ந்திருக்கிறோம்!

அந்தச் சபையில் செய்தித்தாள் படித்து விளக்கம் சொல்ல ஒரு அறிஞர் இருந்தார். ஜேக்கப் பால் ஃபான் குண்ட்லிங். தத்துவ ஞானி லைப்னிட்ஸுக்குப் பிறகு பிரஷ்ய அறிவியல் கழகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டவர். அவரைத்தான் அரசரும் கூட்டாளிகளும் குடிக்கவைத்து, கேலி செய்து, கோமாளி வேஷம் கட்டி ஆடவிட்டார்கள். 1731-இல் அவர் இறந்தபோதும் விடவில்லை. மதுப் பீப்பாய் ஒன்றைச் சவப்பெட்டியாக்கி அதில் வைத்துப் புதைத்தார்கள். எழுந்து நிற்க வேண்டாம் என்ற சமத்துவம், தளபதிகளுக்கு மட்டுமானது. அரசருடைய மகன் பட்டத்துக்கு வந்ததும் அந்தச் சபை மறைந்தது. மகனுக்குச் சுங்கான் ஆகாது, மூக்குப்பொடிதான் பிரியம்.

அதற்கு நேர் எதிரான வழக்கம் அயர்லாந்துக் கிராமங்களில் இருந்தது. சாவு வீட்டில் இரவு கண்விழிக்க வருகிறவர்களுக்காகத் தட்டில் புகையிலையும் வெள்ளைக் களிமண் சுங்கான்களும் வைப்பார்கள். வருகிற ஒவ்வொருவரும், ஆணோ பெண்ணோ, ஒன்றை எடுத்து இரண்டு இழுப்பாவது இழுத்து, செத்தவருடைய ஆத்மாவுக்கு இறைவன் இரங்கட்டும் என்று சொல்ல வேண்டும். புகைக்காதவரும் மரியாதைக்கு ஒரு தடவை வாயில் வைத்து எடுப்பார். அங்கே யாருக்கும் கூச்சமில்லை. துக்கம் விசாரிக்கப் போகிற இடத்தில் கையை எங்கே வைப்பது, என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கும் அவஸ்தை நமக்கெல்லாம் தெரியும். அந்தத் தட்டு அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தது.

சுங்கான் எந்தப் பொருளில் செய்தது என்பதில் பணக்காரனுக்கும் ஏழைக்கும் வித்தியாசம் உண்டு. மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேர்முடிச்சுதான் பிரையர். எளிதில் எரியாது. வெட்டியெடுத்து, பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் உலரவைத்துச் சீவுவார்கள். பிரான்ஸின் ஜூரா மலையில் செயின்ட் க்ளோட் என்ற ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இதற்குப் பேர் போனது. அதற்கு முன்னே யாத்ரிகர்களுக்கு மரத்தில் பக்திச் சாமான்கள் கடைந்து விற்ற ஊர் அது. துருக்கியின் எஸ்கிஷெஹிரில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டும் மீர்ஷாம் என்ற வெண்மையான கனிமத்தில் தலைப்பாகைச் சுல்தான்களையும் சிங்கங்களையும் செதுக்குவார்கள். புகைக்கப் புகைக்க அது தேன் நிறமாகப் பழுக்கும்.

இவற்றுக்கு நடுவே ஒரு ஏழைச் சொத்தும் உண்டு. மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற ஆற்றோர ஊரில் ஹென்றி டிபி என்ற டச்சுக்காரக் கடைசல் தச்சர் இருந்தார். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரைக் கொண்டுவந்து, இதில் ஒரு சுங்கான் கடைந்து கொடு என்று ஒரு விவசாயி கேட்டாராம். 1869 முதல் அது வியாபாரமாயிற்று. ஓட்டைகளைப் பிளாஸ்டர் பூசி அடைக்கும் முறைக்கு 1878-இல் காப்புரிமை வாங்கினார். ‘மிசௌரி மீர்ஷாம்’ என்று துருக்கிக் கல்லை நினைவூட்டும் பெயரை வைத்த அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. இதற்கென்றே தடித்த கதிர் காய்க்கும் ரகத்தை மிசௌரிப் பல்கலைக்கழகம் உருவாக்கிக் கொடுத்தது. ஜெனரல் மக்கார்தர் 1945 ஆகஸ்டில் ஜப்பானில் வந்து இறங்கியபோது வாயில் இருந்ததும் சோளக்கதிர்ச் சுங்கான்தான். டன்ஹில் சுங்கானும் சோளக்கதிரும் வைத்திருக்கும் இருவர் கடிதம் எழுதிக்கொள்ளும்போது இந்த வித்தியாசம் கேலிக்கு மட்டும்தான் பயன்படும்.

டாம் டன் துணுக்குகள் போட்ட துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் விஷயத்தில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. பாரசீகச் செருப்பின் நுனியில் புகையிலை வைத்திருப்பவர், முந்தைய நாள் கிண்ணங்களில் மிஞ்சிய எரியாத கழிவையெல்லாம் கணப்பு மாடத்தில் காயவைத்து, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு முன் அதையே பிடிப்பவர். அவர் முதன்முதல் தோன்றிய 1887-ஆம் ஆண்டுக் கதையில் கொலைகாரன் விட்டுப்போன சாம்பலைப் பார்த்த மாத்திரத்தில், இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். உறையூர்ச் சுருட்டுத் தொழிலாளிகளுக்கு இந்தச் சேதி அந்தக் காலத்தில் போய்ச் சேர்ந்திருக்காது.

இத்தனையும் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் என் டாக்டர் நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். டாம் டன் இதழ் தொடங்கிய அதே 1964-இன் ஜனவரியில்தான் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியுடைய அறிக்கை வந்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஊரறியச் சொன்னது. சுங்கானுக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்றும் அதிலேயே இருந்தது. ஆனாலும் சிகரெட் அளவுக்கு மோசமில்லை என்ற பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் சுங்கானுக்கு மாறினார்கள். நமக்கு வேண்டியதை மட்டும் படிப்பதில் எந்த நாட்டாரும் சளைத்தவர்களில்லை. வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, நுரையீரல் எல்லாவற்றிலும் சுங்கான் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற உறுதிப்பட்ட விஷயம். புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் அப்படித்தான். ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் கடைக்குப் போக வேண்டாம்.

தத்துவ ஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை மட்டும் சுங்கான் ஒருமுறை காப்பாற்றியது. 1948 அக்டோபர் 2 அன்று நார்வேயில் ட்ரொண்ட்ஹைம் அருகே அவர் பயணம் செய்த கடல் விமானம் கவிழ்ந்தது. புகைக்க அனுமதியுள்ள பகுதியில் இடம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியிருந்தார். இறந்த பத்தொன்பது பேரும் புகைக்கக் கூடாத பகுதியில் இருந்தவர்கள். எழுபத்தாறு வயது ரஸ்ஸல் குளிர்ந்த நீரில் நீந்தி உயிர் பிழைத்தார். சுங்கான்காரர்கள் இந்தக் கதையை டாக்டரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிரிட்டனில் ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து ‘ஆண்டின் சுங்கான் மனிதர்’ என்று பட்டம் கொடுத்துவந்தார்கள். பிரதமர் ஹெரால்ட் வில்சன் 1965-இல் வாங்கினார். 1976-இல் ‘பத்தாண்டின் சுங்கான் மனிதர்’ என்றும் உயர்ந்தார். தொலைக்காட்சியில் கஷ்டமான கேள்வி வந்தால் பற்றவைக்கிற சாக்கில் யோசிப்பதற்கு நேரம் எடுத்துக்கொள்வார். தனிமையில் அவர் விரும்பியது சுருட்டு என்கிறார்கள்; உழைக்கும் மக்களின் கட்சித் தலைவர் வாயில் சுருட்டு நன்றாக இருக்காதே. 2003-இல் நடிகர் ஸ்டீஃபன் ஃபிரைக்குக் கொடுத்ததோடு அந்தப் பட்டம் நின்றது. புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் பாயும் என்ற பயம்.

அதற்குப் பிறகு பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அயர்லாந்தில் 2004, இங்கிலாந்தில் 2007. சரியான முடிவு. சுங்கான்காரர்களும் ஆண்டுக்காண்டு குறைந்தார்கள். இருக்கிறவர்கள் வயதானவர்கள். அவர்கள் பேச்சில் இப்போது அடிக்கடி அடிபடுவது இறந்தவர்களின் சுங்கான்கள். சந்தையிலோ ஏலத்திலோ ஒரு கட்டு வரும். வாய்முனையில் முன்சொந்தக்காரரின் பல் தடம். கிண்ணத்துக்குள் அடை அடையாகக் கரி. அதைச் சுரண்டிவிட்டு, கிண்ணம் நிறைய உப்பைக் கொட்டி, அதன்மேல் சாராயத்தை ஊற்றி இரவு முழுக்க வைத்தால் காலையில் உப்பு பழுப்பாகியிருக்கும். பழைய புகையின் கசடு அதில் இறங்கிவிடும். பிறகு மெருகு போட்டுப் புதிதாக்குவார்கள். சிலர் பல் தடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்பாவின் சுங்கானாக இருந்தால் அதைத் தொடவே மாட்டார்கள். புகைக்காத பிள்ளைகள்கூட அதை அலமாரியில் வைத்துக்கொண்டு எப்போதாவது முகர்ந்து பார்க்கிறார்கள்.

இந்த மனிதர்கள் போட்டி வைத்தால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சுங்கான், ஒரே புகையிலை மூன்று கிராம், தீக்குச்சி இரண்டே இரண்டு. அடைக்க ஐந்து நிமிடம், பற்றவைக்க ஒரு நிமிடம். அணையாமல் யார் அதிக நேரம் வைத்திருக்கிறாரோ அவருக்கு வெற்றி. கடைசியில் வருகிறவர்தான் முதல்வர். மூன்று மணி நேரத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். மூன்று கிராம் என்பது இரண்டு விரலில் எடுக்கும் சரக்கு. அணைந்தவர்கள் எழுந்து போகமாட்டார்கள். ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆளோடு விட்ட பேச்சைத் தொடர்வார்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரு பழக்கத்தைக் கவனித்துவருகிறேன். கட்டுரையைப் பற்றி இரண்டு பத்தி கச்சிதமாக எழுதுவீர்கள். மூன்றாவது பத்தியில் ‘இது சம்பந்தமில்லாத விஷயம், வெளியிட வேண்டாம்’ என்று தொடங்கி, கிணற்றில் தண்ணீர் ஊறியது, பேத்தி நடக்க ஆரம்பித்தது, பழைய சைக்கிளை விற்க மனம் வராதது என்று எழுதுவீர்கள். நாங்களும் சொன்ன பேச்சைக் கேட்டு மூன்றாவது பத்தியை வெட்டிவிட்டு முதல் இரண்டைப் போட்டுவந்தோம். டாம் டன் அதை வெட்டியிருக்கமாட்டார். முதல் இரண்டை வேண்டுமானால் சுருக்கியிருப்பார்.

அதனால் அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். தலைப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதல் வரியில், நீங்கள் அன்றாடம் கையில் எடுக்கும் ஒரு பொருளின் பெயர் இருக்கட்டும். பேனா, தறியின் நாடா, காபிப் பொடி, மண்வெட்டி, வாசல் பெருக்கும் விளக்குமாறு, கண்ணாடிக் கூடு, எதுவானாலும் சரி. எங்கே வாங்கினீர்கள், எத்தனை காலமாக வைத்திருக்கிறீர்கள், அதன் குறை என்ன என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு எங்கே போக வேண்டுமோ போகலாம். சிக்கரி எத்தனை பங்கு என்பதில் தொடங்கிய கடிதம் ஓய்வூதியக் கோப்பில் போய் முடிந்தாலும் ஆட்சேபமில்லை.

சில வேண்டுகோள்கள். புகையிலைப் பொருள்களைப் புகழ்ந்து எழுத வேண்டாம். நம் நாட்டின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி அது விளம்பரமாகிவிட வாய்ப்புண்டு, எனக்கும் அதில் விருப்பமில்லை. இறந்த தாத்தாவின் பொடி டப்பாவைப் பற்றி எழுதலாம், அதற்குத் தடையில்லை. கம்பெனியைக் குறை சொல்வதானால் பெயரை விட்டுவிடுங்கள். கையால் எழுதுகிறவர்கள் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு எழுதினால் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் உங்களை வாழ்த்துவார். முந்நூறு வார்த்தைக்குள் இருந்தால் அப்படியே போடுகிறோம். மிஞ்சினால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் குறைப்போம். முகவரியோடு தொலைபேசி எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். அச்சில் ஊர்ப் பெயர் மட்டுமே வரும். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வந்து சேரும் கடிதங்கள் அடுத்த இதழுக்கு, பிந்தியவை அதற்கடுத்த இதழுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்